விளக்குக் கம்ப எண்கள்

பட்டியலில் ஒரு பெண் குறைகிறாள் என்று
இரவு ஒன்பது மணிக்கு வந்தார் சூப்பையா.
மூன்றில் ஒரு பங்கு, சட்டம் அப்படி.
"கையெழுத்து மட்டும் போடு, பூவனி.
மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்கி ஒட்டினார்கள்.
கான் தியாப் முழுக்க
தூக்கம் கெட்ட முகத்தோடு
முறைத்துக்கொண்டு நின்றேன்.

வாக்குச்சீட்டில் ஒன்பது பேருக்குக் குறி போடலாம்.
எட்டாவதாக வந்தேன்.
சூப்பையா பத்தாவது.
அதற்கப்புறம் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை.

முதல் கூட்டம்.
காற்பந்து மைதானத்து வாசலுக்கு
என்ன பெயின்ட் என்று நாற்பது நிமிடம்.
தலைவர் கடிகாரத்தைப் பார்த்து
"வேறு ஏதாவது?" என்றார்,
இருக்காது என்கிற குரலில்.

சம்பளச் சீட்டின் பின்பக்கத்தைப் பிரித்தேன்.
நூற்று நான்கு. நூற்று ஏழு. நூற்றுப் பதினொன்று.
எரியாத கம்பங்கள், மொத்தம் பதினேழு.
"யார் எழுதிக் கொடுத்தது?"

தையல் ஆலையில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து
வேன் என்னைப் பெரிய ரோட்டில் இறக்கிவிடும்.
அங்கிருந்து ஆறு வருடம்,
கரும்பு ஆளுயரம் நிற்கிற மாதங்களில்
சாவியை விரலிடுக்கில் நீட்டிப் பிடித்தபடி.

இதையெல்லாம் சொல்லவில்லை.
எண்களை மறுபடி படித்தேன்,
செயலாளரின் பேனா எழுதுகிற வேகத்தில்.

சுயாக்கிலிருக்கும் மாவட்ட சபைக்கு எழுதியிருக்கிறார்கள்.
மைதானத்து வாசல் பச்சை.
நேற்று நான்கு விளக்குகள் எரிந்தன.
நூற்று ஏழு இல்லை.
அதன் கீழே
சாவி இன்னும் விரலிடுக்கில்தான்.