எல்லைக்குள்

நெல்லிக்காய் அளவுதான் இருக்க வேண்டுமாம்.
டாக்டர் நிலோஃபர் மருந்துச் சீட்டின் முதுகில்
ஒரு வட்டம் போட்டார்,
உள்ளே ஒரு புள்ளி வைத்தார்.
"வேலி தாண்டல சார்."

முப்பத்தோரு வருஷம்
கடலூர் தாலுகா வரப்பெல்லாம் சங்கிலி இழுத்தவன்.
தாண்டவில்லை என்று யார் சொன்னாலும்
புலப்படத்தைக் கேட்பேன்.
காட்டினார்.
ஸ்கேனில் கறுப்பாக ஓர் உட்பிரிவு.
மூணும் நாலும் ஏழு என்றார்.
ஏழு நல்லதா என்றாள் அம்சவேணி.
நடுவாந்தரம்.

பிறகு வழிகள்.
அறுத்து எடுக்கலாம்.
அறுக்காமல் வெளியிலிருந்து கதிர் பாய்ச்சலாம்:
இருபது நாள், சனி ஞாயிறு லீவு,
அரசாங்க உத்தியோகம் மாதிரி.
ஐந்தே நாளில் முடிக்கிற மிஷினும் உண்டு,
அதற்குச் சென்னை போகணும்.
அல்லது அரிசிமணி போன்ற விதைகளை
உள்ளேயே ஊன்றிவிடலாம்,
மாசக்கணக்கில் கனன்று தானாக அணையும்.
சும்மாவும் இருக்கலாம்,
அவ்வப்போது ரத்தம் கொடுத்துக்கொண்டு.
எதுவும் தப்பில்லை என்றார்.
தப்பில்லாத வழி இத்தனை இருந்தால்
மனுஷன் எதில் நடப்பது?

"அப்புறம்..." என்று பேனாவை மூடினார்.
அந்த அப்புறம் எதுவென்று மூவருக்கும் தெரியும்.
"அதெல்லாம் பரவால்ல டாக்டர்"
ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள் அம்சவேணி.
எனக்குப் பரவாயில்லையா என்று
அவள் கேட்கவில்லை.
நான் சொல்லவுமில்லை.

வராந்தாவில் பண்ருட்டி காசிலிங்கம்.
முந்திரித்தோப்புக்காரர். விதை வைத்துக்கொண்டவர்.
"எண்பத்தேழு போட்டிருக்காங்க.
முளைக்காத விதைக்கு இவ்ளோ காசு கொடுத்தவன்
எங்க ஊர்ல நான் ஒருத்தன்தான்."
ரெண்டு மாசம் பேத்தியை மடியில் வைக்கக் கூடாதாம்.
"வந்து வந்து ஏறுது. தள்ளித் தள்ளி விடறேன்.
என்னன்னு சொல்றது அதுகிட்ட?"
சிரித்தார்.
சிரிப்பு தீர்ந்த பிறகும்
கொஞ்ச நேரம் வாய் திறந்தே இருந்தது.

நான் இருபதைச் சொன்னேன்.
பாதி பயம். பாதி, பஸ் வசதி:
கோரிமேட்டிலிருந்து மத்தியானச் சோற்றுக்கு
வீடு திரும்பிவிடலாம்.

ஜெரால்டு என்கிற பையன் ஊசியில் மை தொட்டு
இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று,
தொப்புளுக்குக் கீழே ஒன்று
குத்தினான்.
சிவப்புக் கோடு ஒன்று சுவரிலிருந்து வந்து
புள்ளியில் சரியாக நின்றது.
"அசையாதீங்க."
மேல்சட்டை இல்லாமல், மூச்சை அடக்கி,
நான் கல் நடுவதைப் பார்த்து நின்றவர்கள்
இப்படித்தான் நின்றிருப்பார்கள்.

குடல் காலியாக இருக்கணும், மூத்திரப்பை நிறைந்திருக்கணும்.
அரை லிட்டர் குடித்துக் காத்திருக்கணும்.
ஒன்பதாம் நாள் மிஷின் மக்கர்.
பெஞ்சில் ஆறு ஆண்கள்,
ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், ஒரு இன்ஸ்பெக்டர்,
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்போலத் தொடையை இறுக்கிக்கொண்டு
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.
முதலில் எழுந்து ஓடியவர் இன்ஸ்பெக்டர்.

பதினான்காம் நாளிலிருந்து எரிச்சல்.
அரியாங்குப்பம் பாலத்தில் வண்டி நகரவில்லை.
கிருமாம்பாக்கத்தில் கண்டக்டரைக் கெஞ்சி இறங்கி ஓடினேன்.
என் ஒற்றைச் செருப்பையும் பையையும் தூக்கிக்கொண்டு
பின்னாலேயே இறங்கினாள்.
திரும்பி வந்தபோது பஸ் இல்லை.
வெயிலில் அவள் மட்டும்,
செருப்பைக் கீழே போட்டு
"கால விடு" என்றாள்.

இருபதாம் நாள் கேட்டேன்,
இந்தப் புள்ளிகள் போகுமா?
"போகாது சார்."
சரிதான்.
நட்ட கல்லைப் பிடுங்குவது குற்றம்,
எத்தனை பேருக்கு நானே நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன்.
ரத்தம் என்ன சொல்லுமென்று
மூன்று மாசம் கழித்துத்தான் தெரியும்.

இன்று கரண்ட் இல்லை.
கடல் பக்கத்துக் காற்றும் இல்லை.
இருட்டில் அவள் விரல்
எதையோ தேடிக்கொண்டு வருகிறது.
"இங்கயா?"
இல்ல,
இன்னும் கொஞ்சம் கிழக்கே.