அறுபத்து நான்கில் ஒன்று

கப்பலை அவர்கள் ரொட்டியைப் போல வெட்டினார்கள்,
அது தண்ணீரைப் பார்க்கும் முன்பே.
அறுபத்து நான்கு துண்டு. வேல்ஸ் கரையில் அதுதான் வழக்கம்.
(ஆய கலைகள் நினைவுக்கு வந்தால்
நான் பொறுப்பல்ல.)
மளிகைக்காரருக்கு எட்டு.
பாய் தைப்பவருக்குக் கூலிக்குப் பதிலாக நான்கு.
பாதிரியார் பேரில் இரண்டு, அதை அவர்
பிரசங்கத்தில் சொல்வதில்லை.
ஒன்று, மோர்வித் ஓவனுக்கு,
அபர்கெலின் கழிமுகத்தில் காலுறை பின்னுகிறவள்.

விலை நாற்பது பவுன்.
முப்பதைக் குவாரிச் சங்கம் கொடுத்தது,
அவள் கணவன் மேல் சரிந்த சிலேட்டுப் பாறைக்காக.
மீதிப் பத்தும் கம்பளி நூல்.
எத்தனை ஜோடி என்று கேட்காதீர்கள்,
அவளே எண்ணுவதை நிறுத்தியிருந்தாள்.

ஆற்றோரப் புல்வெளியில்தான் கட்டினார்கள்.
துறை கிடையாது, சுவர் கிடையாது,
மாடு மேய்கிற இடத்தில் ஒரு ஏராக்கட்டை.
அதன் மேல் வங்குகள் எழும்பின,
வளைந்தே வளர்ந்த ஓக் கிளைகள்,
நேராக வளர்ந்திருந்தால் வேறெதற்கோ போயிருக்கும்.
நடந்துகொண்டே பின்னுவது அந்தப் பெண்களின் பழக்கம்.
காலையும் மாலையும் அவள் அந்தப் பக்கமாகவே நடந்தாள்.
ஊசி ஓடும், கண் மரத்தில் இருக்கும்.
இதில் எது என்னுடையது?

'கத்ரின் ஆன்' கடலேறியது.
சிலேட்டு ஹாம்பர்க்குக்கு,
உப்பு லாப்ரடாருக்கு,
அங்கிருந்து கருவாடு இத்தாலிக்கு.
மீன் விற்ற காசு நாறாது என்பார்கள்.
லிவோர்னோவிலிருந்து வந்த ஐந்து பவுன்
கொஞ்சம் நாறத்தான் செய்தது.
ஒரு பன்றிக்குட்டி வாங்கினாள்.
லிவோர்னோ என்றே பெயர் வைத்தாள்.

ஐந்தாம் வருடம் கடிதம்.
ஜட்லாந்து மணல்திட்டில் மோதல், பாய்மரம் ஒன்று போயிற்று,
அடிப்பலகை கசிகிறது,
பங்கொன்றுக்கு மூன்று பவுன் பதினோரு ஷில்லிங்
வெள்ளிக்கிழமைக்குள்.
இழப்பையும் ரொட்டியைப் போலத்தான் வெட்டுவார்கள்,
அதை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.
லிவோர்னோவை விற்றாள்.

வற்றுப்பெருக்கில், சேற்றில்,
கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது,
முட்டிவலிக்காரி போல.
கலப்பத்துக்காரன் இத்தெல் சணலைத் திணித்துக்கொண்டிருந்தான்.
கீல் வாசனை. சுத்தியலின் மரச்சத்தம்.
பணத்தை அவன் பெட்டி மேல் வைத்துவிட்டுக் கேட்டாள்:
"என்னுடையது எது?"

அவன் சிரித்தான்.
"பங்கு என்பது தாளில் இருப்பது, அம்மா.
கப்பல் முழுக்கக் கரைந்திருக்கும்,
தேநீரில் சர்க்கரை மாதிரி."

"சர்க்கரை கசிந்தது என்று
எவனும் எனக்குச் சீட்டு அனுப்பியதில்லை."

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.
அடியைச் சுற்றி நடந்தாள்.
இடப்பக்கம், ஏராவிலிருந்து மூன்றாவது பலகை,
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
உள்ளங்கையை வைத்தாள்.
"காசு இதற்குத்தானே கேட்டீர்கள்? அப்படியானால் இதுதான்."

இத்தெல் வாதாடவில்லை.
அலை திரும்ப இரண்டு மணி நேரம்தான் இருந்தது,
எப்படியும் அது கழற்ற வேண்டிய பலகை.
மர ஆணிகளை வெளியே தட்டினான்.
உள்ளே முழுக்கக் கப்பற்புழு,
விரல் நுழையும் துளைகள், ஒன்றையொன்று தொடாமல்
வளைந்து விலகி ஓடியவை.
அவள் நின்று பார்த்தாள், தொழில் தெரிந்தவள் பார்ப்பது போல.
ஒரு கண்ணிகூட விட்டுப்போகவில்லை.

தோளில் தூக்கி வந்தாள்.
எரித்தால் தீ பச்சையாக வரும் என்றார்கள் பக்கத்து வீட்டார்.
எரிக்கவில்லை. காலிக் கொட்டிலின்
கதவுக்குக் கீழ்ப்பலகையாக அறைந்தாள்.
கப்பல் போயிற்று, புது ஓக் பலகையோடு.
அது யாருடையது என்று
அவள் யோசிக்காமல் இல்லை.

மேற்குக் காற்று அடித்த ஓர் இரவில்
விளக்கோடு கொட்டிலுக்குப் போனாள்.
பலகை வியர்த்திருந்தது.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.
உப்பு.
சரி, மிதக்கிறது, என்று முடிவுசெய்து
கதவைச் சாத்தினாள்.