சம நேரப் புள்ளி

சாங்கியிலிருந்து நியூயார்க்
பதினைந்தாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
அது உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தது.
நூலின் மேல் யாரும் பறப்பதில்லை.
ஜப்பானை ஒட்டி ஏறி, அலாஸ்காவுக்குக் கீழே திரும்பி
காற்று விட்ட வழியில்
இன்றைக்குப் பதினெட்டு மணி, நான்கு நிமிடம்.
நேற்று இதே ஊருக்குப் பதினெட்டு முப்பத்தொன்று.

விமானிக்கு வழி எழுதிக் கொடுப்பது என் வேலை.
ஜன்னல் இல்லாத அறை. குளிருக்கு ஒரு சால்வை.
கேப்டன் டியோ போனில் கேட்கிறார்:
இன்னும் இரண்டு டன் எண்ணெய் கூட்டலாமா?
கூட்டலாம்.
பாதி போய்ச் சேராது,
மீதியைச் சுமப்பதிலேயே தீர்ந்துவிடும்.
அவருக்கும் தெரியும். கூட்டினோம்.

கடைசியாக, கடலில் ஒரு புள்ளி வைப்பேன்.
அங்கே ஏதாவது நேர்ந்தால்
பின்னால் திரும்பவும் முன்னால் போகவும்
ஒரே நேரம் ஆகும்.
அது பாதித் தூரம் அல்ல.
பின்காற்று வலுத்தால்
புள்ளி புறப்பட்ட பக்கம் நகர்ந்து வரும்.
தீவு இல்லை, பெயரில்லை,
தண்ணீர் மேல் ஒரு பெருக்கல் குறி.

இரவு பதினொன்று முப்பத்தைந்துக்குக் கிளம்பியது
விடிகாலை ஐந்து முப்பத்தொன்பதுக்கு இறங்கும்.
ஆறு மணி நேரம்தானே என்று
கடிகாரம் சாதிக்கும்.
மீதிப் பன்னிரண்டை யார் தின்றது
என்று நான் கேட்பதை விட்டு மூன்று வருடம் ஆகிறது.

குணாளன் அங்கே இருக்கிறான்.
கோடை முழுக்க
எங்கள் இரண்டு சமையலறையிலும்
முள் ஒரே இடத்தில் நிற்கும்.
எனக்குக் காலை, அவனுக்கு இரவு. அவ்வளவுதான்.
அதனால் இன்னொரு கடிகாரம் வாங்கவே இல்லை.

ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்து
தானா மேராவில் ரயில் மாறி
பிடோக் கடையில் கோப்பியைப் பையில் கட்டி வாங்கி
வீட்டுக்குள் நுழைந்தபோது எட்டு இருபது.
கோப்பியைக் குவளைக்கு மாற்றும்போது போன் வந்தது.
சாப்பிட்டியா என்றான்.
நீ என்றேன்.
ஆபீஸில் இன்னும் இரண்டு வருடம் கேட்கிறார்கள் என்றான்.
நீ என்ன சொல்கிறாய் என்றான்.

சொல் கடல் தாண்டி வர அரை நொடி ஆகும்.
அந்த அரை நொடியை நாங்கள் இருவரும்
வெகு நேரம் பயன்படுத்தினோம்.

எட்டு முப்பத்திரண்டு.
என் விமானம் இந்நேரம் புள்ளியில் இருக்கும்.
மணி அடிக்க மாட்டார்கள்.
போர்வைக்குள் இருப்பவர்கள் புரண்டுகூடப் படுக்க மாட்டார்கள்.
அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே கறுப்பு.

எட்டு முப்பத்தைந்து.
இனி திரும்புவதுதான் அதிக தூரம் என்றேன்.
என்ன? என்றான்.
விமானத்தைச் சொன்னேன்.

ஓ, என்றான்.
பிறகு,
அடுத்த ஞாயிறு இங்கே கடிகாரத்தைப்
பின்னால் தள்ளுவார்கள், ஞாபகம் இருக்கட்டும்,
ஒரு மணி நேரம் தாமதமாய்க் கூப்பிடுவேன் என்றான்.