ஆறு மணி நேரம்

ஜோகன்னஸ்பர்க்.
அடுத்த விமானத்துக்குப் பதினோரு மணி நேரம்.
விசா இல்லாதவர்களுக்கு
ஜன்னல் இல்லாத அறைதான்,
மணிக்கணக்கில் வாடகை.

"ஆறா, ஒன்பதா?"
சட்டையில் பெயர்: தெரோஷ்னி மூட்லி.
முதலியார் தேய்ந்து மூட்லியானதைக்
கேட்க வாயெடுத்து
"ஆறு" என்றேன்.

ராண்டை ரூபாயாக்கிப் பார்த்தேன்.
பார்த்திருக்க வேண்டாம்.

செருப்பைக் கழற்றியதும்தான்
கால் வீங்கியது தெரிந்தது.
தூக்கம் வரவில்லை.
கொடுத்த காசுக்காகக்
கண்ணை மூடிக் கிடந்தேன்.
சுவருக்கு அப்பால் யாரோ
அதே கணக்கில் புரண்டார்கள்.

எப்போது அசந்தேனோ,
கதவு தட்டும் சத்தம்.
நேரம் முடிந்தது என்று சொல்ல வந்தவள்
சிகரெட்டுக்கு வெளியே போய்த்
திரும்பியிருக்க வேண்டும்.

"இப்போ பகலா, ராத்திரியா?"
"மழை" என்றாள்.

அந்த நாட்டில் நான் பார்த்தது
அவள் தோளில் இருந்த
ஈரம் மட்டும்.