முப்பத்தெட்டு சென்ட்

இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை
சஸ்கட்டூனில் ஒரு விடுதியின் முன்மேசை என்னுடையது.
இரண்டு மணிக்குமேல் சாவி கேட்டு யாரும் வருவதில்லை.
அதற்குப் பிறகு நான் கடைக்காரி,
சரக்கில்லாத, கல்லாவில்லாத கடைக்காரி.
என் சுட்டியைத் தொட்டு யார் எதை வாங்கினாலும்
ஒரு துணுக்கு எனக்கு.

கம்பெனிகளை எடைபோட ஒரு மாதம் ஆனது.
எட்டு சதவீதம் என்றான் ஒருவன்,
நூறு டாலர் சேரும்வரை கண்ணில் காட்டமாட்டான்.
பன்னிரண்டு என்றான் இன்னொருவன்.
அவன் காற்றாடியை என் காசில் வாங்கிப் பார்த்தேன்,
மூன்றாம் நாள் மோட்டார் முனகியது. விட்டேன்.
கடைசியில் நான்கு சதவீதக்காரன். பெரிய கடை.
தொட்டவர் ஒரு நாளைக்குள் அங்கே
உப்பு வாங்கினாலும் உழவு இயந்திரம் வாங்கினாலும்
என் கணக்கில் ஏறும்.

"செய்தியோடு போங்கள் அண்ணி" என்றான்
கால்கரியிலிருந்து என் கொழுந்தன் இளம்பரிதி,
இதிலேயே வீட்டுக்கடன் அடைத்ததாகச் சொல்லிக்கொள்பவன்.
"பனிப்புயலென்றால் பனிவாரி,
மின்வெட்டென்றால் பேட்டரி.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளுங்கள்."

ஜூனில் காற்று வந்தது,
வடக்கிலிருந்து, புகையோடு.
ஏரிக்கரை ஊர்களைப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பினார்கள்.
மதியம் மூன்று மணிக்குச் சூரியன்
தேய்ந்த செப்புக்காசாகத் தொங்கியது.
நான் எழுதினேன்:
எந்த வடிகட்டி எவ்வளவு பெரிய அறைக்கு,
எந்த முகக்கவசம் தாடிக்காரருக்கு உதவாது.
ஒரு பொய் இல்லை. சத்தியமாக ஒரு பொய்கூட இல்லை.
காற்றின் கேடு பத்தைத் தாண்டிய அன்று
இருநூற்றுப் பதினோரு டாலர்,
கிட்டத்தட்ட இரண்டு இரவுக் கூலி.
எண் ஏற ஏறப் பார்த்திருந்தவள்
காற்று திசை மாறிவிடக் கூடாதே என்று
ஒரு நொடி,
ஒரு நொடிதான்,
நினைத்தேன்.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள்.
பிடுங்குகிறவளுக்கு ஒரு முகம் உண்டென்று
அதுவரை யோசித்ததில்லை.

கணக்கில் பெயர்கள் வராது, பொருள்கள் மட்டும்.
வடிகட்டிக்கு வந்தவர்கள் வாங்கிப் போனவை:
பல் பிரஷ், ஆறு.
படிக்கிற கண்ணாடி.
ஆண் உள்ளாடை, மிகப் பெரிய அளவு.
நாய்க்கழுத்துப் பட்டை, நீலம், நடுத்தரம்,
ஒன்பதரை டாலர்.
எனக்கு முப்பத்தெட்டு சென்ட்.

விடுதி நிரம்பிவிட்டது.
தாழ்வாரம் முழுக்க எரிந்த பைன் வாசனை,
சலவை இயந்திரத்துக்கு ஓய்வில்லை.
பகலில் வந்த பார்சல்களை இரவில் நான் கொடுப்பேன்.
வியாழன் மூன்று மணிக்கு, தூங்காத கண்களோடு,
நூற்றுப் பதினேழாம் அறை மார்லீன்.
மேசைமேலேயே கிழித்தாள்.
நீலப் பட்டை.

"அறையில் நாய்க்கு அனுமதி இல்லை" என்றேன்,
சம்பளக்காரியாக.
"இங்கே இல்லை. பேருந்தில் ஏற்றவிடவில்லை.
கயிற்றை அவிழ்த்துவிட்டேன். பட்டையையும்,
ஓடும்போது எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாதில்லையா.
கிடைத்ததும் போடணும்."
கொக்கியை மூடினாள், திறந்தாள், மூடினாள்.

என் சுட்டிவழி வந்ததா அது, தெரியாது.
நீலப் பட்டைகள் நாட்டில் எத்தனையோ.
கேட்கவில்லை.
கேட்டால் மட்டும்
முப்பத்தெட்டு சென்டை எண்ணி அவள் கையில் வைப்பேனா?
ஒற்றைச் சென்ட் காசை இந்த நாடு
எப்போதோ நிறுத்திவிட்டது.

நாயின் பெயரைக் கேட்டேன். சொன்னாள்.
பதிவேட்டில் நூற்றுப் பதினேழுக்கு நேராக,
செல்லப்பிராணி என்ற கட்டத்தில் அதை எழுதி
அனுமதி என்று குறித்தேன்.

பிறகு நான்கு மணி.
தெற்கே ஆறு ஏறுகிறதாம், செய்தி வந்தது.
நீரிறைக்கும் பம்புகளைப் பார்க்கத் தொடங்கினேன்.
முதலில் விலையை அல்ல,
மூன்றாம் நாளும் முனகாத மோட்டார் எதுவென்று.