இடைச்சொல்லின் படம்

கடிகாரத்துக்கு எண்ணெய் இடுவது என் வேலை.
நொடியை ஆயிரமாய் அரியும் கடிகாரம்;
வூர்ட்ஸ்பர்க் நகரில் இப்படி ஒன்றுதான் இருக்கிறது.
டாக்டர் ஹெல்முண்ட் வாய் திறந்தால் ஓடும்,
எதிரே இருப்பவர் வாய் திறந்தால் நிற்கும்.
அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்று
அவர் நம்புகிறார். நம்பட்டும்.

அவர் கொள்கை எளிது.
சொல் வந்து கதவைத் தட்டும்.
பொருள், படமாய் எழுந்து வந்து திறக்கும்.
பொருள் என்றால் அவருக்கு
எடுத்து மேசைமேல் வைக்கக்கூடிய பொருள்.
குதிரை என்றால் குதிரை வரவேண்டும்,
வாலோடு, முடிந்தால் சேணத்தோடு.
வராத குதிரைகளையெல்லாம்
'கவனக்குறைவு' என்ற பத்தியில்
கட்டிப்போட்டிருக்கிறார்.
தொழுவம் நிரம்பிவிட்டது.

பத்து மணிக்கு ஓட்டிலியே ஷ்டாடெல் வந்தாள்,
பீங்கான் கடைக்காரர் மகள், இரண்டாம் ஆண்டு மாணவி.
குடையைக் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே சாத்தினாள்.
எடுத்து மூலையில் வைத்தேன்.

"மணி."
"கோபுரம். பாதிக்குமேல் பனி."
எழுநூற்றுப் பத்து.
"ரொட்டி."
"படம் வரவில்லை. வாசனை வந்தது."
எண்ணூற்று நாற்பது. டாக்டர் மூக்கைச் சொறிந்தார்.
"கடன்."
அவள் சிரித்தாள். சிரிப்புக்கும்
நின்றுவிடும் இந்த அசட்டுக் கடிகாரம்:
ஐந்நூற்று இரண்டு.
"எதுவும் தெரியவில்லை, ஆனால் புரிந்துவிட்டது" என்றாள்.

டாக்டர் பட்டியலை மூடினார்.
கோபம் வந்தால் அவர் குரல் தணியும்.
அவள் வாயிலிருந்தே ஒன்றைப் பிடுங்கி
அவள்மேலேயே எறிந்தார்:
"ஆனால்."

முள் கிளம்பியது.
இரண்டு நொடி. ஐந்து. எட்டு.
உள்ளே உலோக நாக்கு ரீங்கரித்தது,
புட்டிக்குள் மாட்டிய குளவி மாதிரி.
பதினொன்று.

அவள் கண்ணை மூடவில்லை, சன்னலையும் பார்க்கவில்லை.
"குதிகால்" என்றாள்.
"யாருடையது?"
"யாருடையதும் இல்லை. வாசலைத் தாண்டப் போய்
தாண்டாமல் நிற்கும்போது
தரையில் அழுந்துமே, அந்த இடம்.
அதைப் பார்க்க முடியாது, ஐயா.
நின்றால்தான் தெரியும்."

அவர் பேனாவை மூன்று முறை மையில் தோய்த்தார்.
தாளுக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

எனக்குத் தெரியும் அந்த இடம்.
சிகாகோவிலிருந்து மகன் எழுதியிருந்தான், போன வசந்தத்தில்:
அறை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது,
டிக்கெட்டுக்குப் பணம் அனுப்புகிறேன், அப்பா, ஆனால்
அதோடு தாள் முடிந்திருந்தது.
மறுபக்கம் திருப்பவில்லை நான்.
மருமகள் முகம் வரவில்லை, கப்பல் வரவில்லை,
எந்தப் படமும் வரவில்லை.
எழுந்துபோய் உருளைக்கிழங்கைத் தோலுரித்தேன்.
எட்டுப் பேருக்கு ஆகும் அளவுக்கு.

இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லலாம்.
என்னை அந்த நாற்காலியில் உட்கார வைக்கமாட்டார்கள்;
பயிற்சி பெற்ற மனம் வேண்டுமாம்.

மறுநாள் தூசு தட்டும்போது குறிப்பேட்டைப் பார்த்தேன்.
'கவனக்குறைவு' அடிக்கப்பட்டிருந்தது,
தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி.
மேலே வேறு பெயர் எழுதவில்லை.
பெயரில்லாத பத்தியில், வால் இல்லாத குதிரைகளோடு
நான் பதிந்த பதினோராயிரம்.

நேற்று அதிகம் ஓடிவிட்டது.
நாக்கைக் கழற்றித் துடைத்து
இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன்.
பத்து மணிக்கு வேறு ஒரு மாணவன்.
அவனும் குடையோடுதான் வருவான்.