கள்ளம்

கல்முனை ஆசுபத்திரி, பதினோராம் இலக்க அறை.
மின்விசிறி மூன்றில் நிற்கும், அதற்கு மேல் போகாது.
ஸஹ்லா, ஒன்பது வயது, ஒலுவில்.
சக்கர நாற்காலிக்குப் பதில் உம்மாவின் இடுப்பு;
இரண்டு பஸ் மாறி வந்த வியர்வை இருவருக்கும் பொது.

எட்டுக் கட்டைகள். ஒரு நிறுத்தற் கடிகாரம்.
முப்பது வினாடிக்குள் கோபுரம் என்கிறது கையேடு.
அவள் கை கட்டையை நோக்கித்தான் புறப்பட்டது.
வழியில் தோள் வேறொன்று சொல்ல,
முழங்கை திரும்ப, விரல்கள் தனித்தனியே விரிய,
கட்டைகள் மேசைக்கு அடியில்.
பூச்சியம் எழுதினேன்.
குனிந்து பொறுக்கி எழும்புகையில் என் தலை இடித்தது.
சிரித்தாள்.
மிகச் சரியான நேரத்தில்.

அடுத்தது படங்கள். சேராததைத் தொட்டுக் காட்டவேண்டும்.
நான் படங்களை மேசையின் நான்கு மூலைக்கும் தள்ளினேன்
(கையேட்டில் இதற்கு இடமில்லை).
"கண்ணால காட்டு, மனே."
மீன், இறால், நண்டு, செருப்பு.
கண்கள் போய்ச்சேர நேரமெடுத்தன.
செருப்பில் நின்றன.
தற்செயலாக இருக்கலாம், நாலில் ஒன்று.
ஆறு தடவை மாற்றி மாற்றி வைத்தேன். ஐந்து சரி.
ஆறாவதில் உம்மா தும்மினா.

பெற்றோர் கூற்று: படிவத்தில் ஒற்றை வரி.
நஜீமா சொன்னா,
"தம்பிக்காரன் கரம் விளையாட்டுல கள்ளம் உட்டா
இவதான் மிஸ் கத்துவா. நாங்க காணமாட்டம், இவ காணுவா."
அந்த ஒற்றை வரிக்குள் எப்படி அடக்குவது?
கள்ளம் தெரிய விதி தெரியவேண்டும்,
யாருடைய முறை என்று தெரியவேண்டும்,
சற்று முன்னால் எத்தனை காய் கிடந்ததென்றும்.
போதாது, நெஞ்சு எரியவும் வேண்டும்.

ஆகவே விளையாடினோம்.
சிவப்பு அவளுக்கு, நீலம் எனக்கு.
அவள் கண் சொன்ன கட்டையை என் கை நகர்த்தியது.
நாலாவது முறை, உம்மாவோடு பேசுகிற சாட்டில்
அவளுடைய சிவப்பில் ஒன்றை மடிக்குள் ஒளித்தேன்.

தாழ்வாரமே திரும்பிப் பார்த்த சத்தம்.
கால் விறைத்து, கழுத்துப் பின்னால் வளைந்து,
வாய்நீர் வழிய, உடம்பு முழுக்க ஒரே சொல்.
தாதி ஓடி வந்தா. "வலிப்பா?"
இல்லை,
வழக்கு.

வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஓர் எண் வேண்டும்.
அந்தக் கட்டத்தின் மேல் பேனா நின்றது.
நிறுத்த மறந்த கடிகாரம் நாற்பத்தொரு நிமிடம் காட்டியது.
ஸஹ்லா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பேனாவையும் பார்க்கவில்லை.
என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
கட்டையை நான் திருப்பி வைக்கும்வரை.